கூட உட்கார்கிறவள்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
3 ஆகஸ்ட் 2025

மனிதர்களைத் தராசில் ஏற்றி எடை சொல்லும் மகாராணியும், என் தங்கை பெற்ற ஒரே செல்வமுமான துளசிக்கு,

நீ பேச்சின் நடுவில் போனைத் துண்டித்து இன்றோடு ஐந்து நாள். முப்பத்தாறு வருஷம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதி, மூவேந்தர் படையையும் சேர்த்தால்கூட எட்டாத கூட்டத்தை "உள்ள போ, உள்ள போ" என்று நகர்த்தியவன் நான். என்னை நடுவழியில் இறக்கிவிட்ட முதல் ஆள் நீதான். ஆகவே உன்னோடு இனி போனில் பேசுவதில்லை என்று கச்சபேஸ்வரர் கோவில் வாசலில் நின்று சபதம் செய்துவிட்டேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. என் சபதங்களில் எப்போதும் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை வைத்திருப்பேன்.

நீ கேட்க மறுத்ததை இப்போது படி. பக்கத்து வீட்டு காந்தாவையும் தேவகியையும் உனக்குத் தெரியும். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். மூத்தவள் காந்தாவின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். தேவகியின் புருஷன் சூரத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினான். பன்னிரண்டு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறான். உன் அறக்கட்டளை மூன்று வருஷமாக இருவருக்கும் மாதாமாதம் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தது. போன வாரம் அங்கிருந்து இரண்டு உறைகள் வந்தன.

காந்தாவின் உறையில் தங்க ஓரம் போட்ட சான்றிதழ். "பொருளாதாரத் தற்சார்பு அளவுகோலில் தாங்கள் 81 பெற்றுள்ளீர்கள். வாழ்த்துகள். செப்டம்பர் முதல் தங்கள் உதவி நிறைவடைகிறது." வாழ்த்திக்கொண்டே இலையை இழுத்துக்கொள்ளும் பந்தியை என் அறுபத்து மூன்று வயதில் இப்போதுதான் பார்க்கிறேன்.

தேவகியின் உறையில் 23. "தாங்கள் பிறரைச் சார்ந்திருப்பவர். செப்டம்பர் 1 முதல் ஆறு மாதம் செவிலிமேடு மையத்தில் தையல் பயிற்சி, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. வராவிட்டால் தங்கள் உதவியும் நிறுத்தப்படும்."

அம்மா தாயே, அவர்கள் இருவரும் ஒரே தறியில் நெய்கிறவர்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஜோடிக் கை வேண்டும். வலது கரையும் உடலும் காந்தா கையில், இடது கரை தேவகி கையில். ஒருத்தி செவிலிமேட்டில் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தால் மற்றவள் இங்கே எதை நெய்வாள்? காற்றையா? தேவகி போனால் தறி நிற்கும். போகாவிட்டால் உதவி நிற்கும். உன் எண்பத்தொன்று அடுத்த மாதமே பூஜ்யம்.

கீழே, "அளவுகோல் வடிவமைப்பு" என்று உன் பெயர் போட்டிருக்கிறது. காந்தா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது நம்ம துளசியா, வேற துளசியாணா?" என்று கேட்டாள். வேறு துளசி என்று சொல்லிவிட்டேன்.

பதில் போடு.

இப்படிக்கு,
சபதம் காக்கும் உன் மாமன்,
மாணிக்கவேல்


சென்னை
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனைத் துண்டித்தது தவறுதான். நீங்கள் நாற்பது நிமிஷம் பேசினீர்கள், அதில் என்னை ஹிரண்யகசிபு என்று மூன்று தடவை சொன்னீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த அளவுகோலை நான் யாரையும் தண்டிக்கச் செய்யவில்லை. இது வருவதற்கு முன் எங்கள் அறக்கட்டளையில் உதவி எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? மேலாளர் எதிரில் யார் நன்றாக அழுகிறார்களோ அவர்களுக்கு. அழத் தெரியாதவர்களும் வெட்கப்பட்டவர்களும் வாசலோடு திரும்பிப் போனார்கள். இன்று முன்னூற்றுப் பன்னிரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். ஒருவர் தன்னால் முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டார் என்றால் அந்த இடம் இன்னொருவருக்குப் போக வேண்டும். அது எப்போது என்று யாராவது அளந்துதானே ஆக வேண்டும்? சொந்த வருமானம், சொந்தப் பெயரில் உடைமை, அவசரத்துக்குக் கையிருப்பு, முடிவெடுக்கும் உரிமை. நான்கும் நான்கு வருஷம் யோசித்து வைத்தவை. விளையாட்டாக வைத்தவை அல்ல.

உங்கள் கடிதம் வந்தபின் இருவரின் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். தேவகி அக்காவின் படிவத்தில் "தொழில்: இல்லை" என்று இருக்கிறது. குறிப்பில், "உடன் வசிக்கும் உறவினருக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவர்" என்று எழுதியிருக்கிறார்கள். நெய்கிறார் என்று எங்கேயும் இல்லை. காந்தா அக்காவின் படிவத்திலோ, "மாதம் மூன்று சேலை தனியாக நெய்கிறார். யாரிடமும் உதவி கேட்பதில்லை. அவசரத்துக்கு ஊரே இவரிடம் வந்து கேட்கும்" என்று இருக்கிறது.

எங்கள் களப்பணியாளர் ஸ்ரீகர் இதையெல்லாம் கற்பனை செய்து எழுதுகிறவர் இல்லை. படிவத்தின் அடியில், பதில் சொல்ல உடனிருந்து உதவியவர் பெயரையும் எழுத ஒரு கட்டம் உண்டு.

"திரு. மாணிக்கவேல், பக்கத்து வீடு" என்று அதில் இருக்கிறது மாமா.

துளசி


பிள்ளையார்பாளையம்
13 ஆகஸ்ட் 2025

துளசிக்கு,

குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறேன். கூண்டு கொஞ்சம் சிறியதாக இருக்கிறது. என் புகழுக்குத் தகுந்த அளவில் செய்திருக்கலாம்.

நடந்தது இதுதான். ஏப்ரல் மாதம், மண்டை பிளக்கும் வெயிலில் அந்தப் பிள்ளை ஸ்ரீகர் கையில் டேப்லெட்டோடு வந்தான். காந்தா கூச்சப்பட்டாள். என்னைக் கூப்பிட்டாள். நானோ, மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குப் பேசுகிறவன்.

"தனியாவா நெய்றீங்க?" என்று கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் நான், "தம்பி, இவ ஒத்தை ஆளு இல்ல, பத்து ஆளு. ராவணனுக்கே இவ கிட்டதான் கை கடன் வாங்கினாங்க" என்றேன். அவன் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். "கஷ்டம்னா யார்கிட்ட கேப்பீங்க?" என்றான். "இவ யார்கிட்ட கேக்கறது? ஊரே இவகிட்டதான் வந்து நிக்கும்" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை, அந்நிய ஆள் முன்னால் இல்லாமை சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா? கௌரவமாகச் சொன்னேன். கௌரவத்துக்கு மார்க் போடுவார்கள், அந்த மார்க் சோற்றைப் பிடுங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தேவகி விஷயம் என் பிழை இல்லை. பாஷையின் பிழை. "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்றான். "அக்காவுக்குக் கூட உட்கார்றேன்" என்றாள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதற்கு அர்த்தம் சொல்வார்கள். தறியில் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை ஒவ்வொரு இழைக்கும் தள்ளி வாங்கி, கோர்வை பிரியாமல் பார்த்துக்கொள்வது. காலை ஆறு மணி முதல் இடுப்பு ஒடிகிற வேலை. அதற்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் பெயர் கூட உட்கார்றது. உன் பட்டணத்துப் பிள்ளை, யாரோ பேச்சுத் துணைக்கு உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த நேரம் ராவணனின் மீதிக் கைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் அளவுகோலில் சின்ன காஞ்சிபுரத்து வரதரை நிறுத்திப் பார்த்தாயா? வருமானம்: மற்றவர்கள் உண்டியலில் போடுவது. சமையல் மற்றவர்கள். குளிப்பாட்டுவது மற்றவர்கள். வெளியே கிளம்பினால் ஒரு அடிகூடச் சொந்தக் காலில் நடப்பதில்லை. கருட சேவைக்கு எத்தனை தோள் என்று போய் எண்ணிப் பார். உன் கணக்கில் ஐந்து மார்க் தேறாது. அவரையும் செவிலிமேட்டுத் தையல் வகுப்புக்கு அனுப்பிவிடுவாயா?

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. முப்பத்தாறு வருஷம் பஸ்ஸில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொந்தக் காலில் நிற்கிறவன் எல்லாம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். கம்பியைப் பிடித்தான் என்பதற்காக அவனிடம் அரை டிக்கெட் வாங்கியதில்லை நான்.

அவர்கள் இருவரும் ஒன்று. சேர்த்து ஒரு மார்க் போடு. முடிந்தது.

மாணிக்கவேல்


சென்னை
20 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

கம்பி உவமை நன்றாக இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். அதனால் எதுவும் மாறவில்லை.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

அப்பா இறந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் ஆபீஸ்காரர்களும் சொந்தக்காரர்களும் வந்து, "என்ன செய்யணும் சொல்லுங்க" என்று கேட்டார்கள். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என் தங்கச்சிக்கு ஒரு குறையும் இல்லை, அவ ராணியாட்டம் இருப்பா" என்று சொல்லி ஒவ்வொருவரையும் காப்பி கொடுத்து அனுப்பினீர்கள். பெருமையாகத்தான் சொன்னீர்கள், பிரியமாகத்தான் சொன்னீர்கள், தெரியும். நீங்களும் உங்களால் ஆனதைச் செய்தீர்கள். ஆனால் அந்த வருஷம் ராணி மத்தியானம் சாப்பிட்டதில்லை. அம்மா இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். இதுதான்.

நீங்கள் சொல்கிற "சேர்த்து ஒரு மார்க்" என்னால் போட முடியாது. வீட்டுக்கு ஒரு மார்க் போட்டால் அந்த மார்க் யார் பெயரில் வருமானம் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். வீட்டுக்குள் யார் பட்டினி என்று வெளியே தெரியாது. அதனால்தான் ஆளுக்கொரு படிவம் வைத்தேன்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. பதிவில் பிழை என்று காட்டினால் திருத்தலாம். தேவகி அக்கா நெய்கிறவர் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் கூலியில் அவர் பங்கு எவ்வளவு என்று கட்டம் கேட்கும். அதை காந்தா அக்கா தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 29ஆம் தேதிக்குள் வர வேண்டும்.

பாதி என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அவர்களைக் கேளுங்கள். தயவுசெய்து, இந்த ஒரு தடவை, கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

துளசி


பிள்ளையார்பாளையம்
28 ஆகஸ்ட் 2025

துளசிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மத்தியானச் சாப்பாடு விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை, கை கூசுகிறது. அதைப் பற்றி இப்போது இதற்குமேல் எழுத வரவில்லை.

கேட்டதை மட்டும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை கொடுக்கிற சாக்கில் போனேன். இருவரும் தறியில்தான் இருந்தார்கள். படிவத்தைக் காட்டி, "காந்தா, கூலியில தேவகிக்கு எவ்ளோன்னு எழுதணுமாம்" என்றேன்.

காந்தா நாடாவை நிறுத்தினாள். "இன்னாணா இது? ஒரே பானையில திங்கிறோம். இதுல எங்க கோடு போடச் சொல்றே? இவ கேட்டாளா? நான் இல்லேன்னேனா? துணிமணியில கொறை வெச்சேனா, வாயில கொறை வெச்சேனா?"

"யாரும் குறை சொல்லலைமா. ஒரு எழுத்துக்கு..."

"அளந்து போடறதுக்கு இவ கூலிக்கு வந்தவளா? என் ஓரகத்தி. அந்தக் காயிதத்தை எடுத்துக்கினு போணா."

நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் தேவகி பேசினாள். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

"அந்த இருபத்திமூணு எம்பேர்லதானேணா வந்துது?"

"ஆமாம்மா. தப்பா வந்துடுச்சு. மாத்திடலாம்."

"மாத்த வேணாம்."

காந்தா, "இன்னாடி சொல்றே?" என்றாள்.

"ரேஷன் கார்டுல உம்பேரு. நெசவுச் சங்கத்துப் புத்தகத்துல உம்பேரு. கரண்டு பில்லுல செத்துப்போன உன் வூட்டுக்காரர் பேரு. அந்த உதவிகூட ரெண்டு பேருக்கும் சேத்து உன் பேங்க்லதான் விழுது. எம்பேரு போட்டு வந்த மொத காயிதம் இதுதாங்கா. உள்ள இருக்கறது திட்டுன்னாலும் எனக்கு வந்த திட்டு."

"அப்போ நான் உன்னை நல்லா வெச்சுக்கலயா?"

"வெச்சுக்கினுதான் இருக்கே. நான் இல்லேன்னு சொல்லல. பன்னண்டு வருசமா எழுந்து போவ ஒரு இடம் இல்லாம உட்கார்ந்துக்கினு இருக்கேன்கா. நல்லாதான் உட்கார்ந்துக்கினு இருக்கேன். ஆனா எழுந்தா எங்க போவேன்னு எனக்குத் தெரியாது. தையல் கிளாஸுக்குப் போறேன்."

காந்தா நாடாவைக் கையில் எடுத்தாள். இருவரும் மறுபடி நெய்ய ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. ஒரு இழை தப்பவும் இல்லை. நான் கொழுக்கட்டைத் தட்டோடு அங்கேயே நின்றேன்.

துளசி, அவர்கள் இருவரும் ஒன்று என்று உனக்குப் பெரிதாக எழுதினேன். சுவருக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். தேவகியிடம் பேசாத நாள் இல்லை. இப்போது யோசித்தால், அத்தனை நாளும் பேசியது நான் மட்டும்தான்.

படிவம் வெறுமையாகத் திரும்பி வருகிறது.

மாணிக்கவேல்


சென்னை
5 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

செவிலிமேடு மையத்திலிருந்து வருகைப் பட்டியல் வந்தது. 1ஆம் தேதி முதல் தேவகி அக்கா தவறாமல் வருகிறார். காந்தா அக்காவின் உதவி நின்றுவிட்டது. என்னால் தடுக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் அவர் சொன்ன அந்த ஒரு வரியைத் தனியாக ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். "எழுந்தா எங்க போவேன்னு எனக்குத் தெரியாது." என் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். வருமானம் எவ்வளவு, பீரோ இருக்கிறதா, நகை யார் பெயரில் என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். நாளைக்கு இங்கிருந்து எழுந்தால் போக இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் இருப்பதுதான் தற்சார்பு என்று வைத்துக்கொண்டு அதை அளந்தேன். அவர் கேட்பது அது இல்லை. உதவியோடு இருப்பதில் அவருக்குச் சண்டையே இல்லை.

நான்கூட இங்கே என் அறைத்தோழி ஸஹானாவோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறேன். அவள் இல்லாவிட்டால் இந்த வீடு எனக்குக் கட்டுப்படியாகாது. அதை யாரும் சார்ந்திருப்பது என்று சொல்வதில்லை. ஏனென்றால் ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கிறது.

தறி எப்படி இருக்கிறது? காந்தா அக்கா சாப்பிடுகிறாரா? உண்மையைச் சொல்லுங்கள், ராணி கதை வேண்டாம்.

துளசி


பிள்ளையார்பாளையம்
16 செப்டம்பர் 2025

துளசிக்கு,

உண்மை: முதல் வாரம் காந்தா சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறாள். உன் மாமன் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது பாதிதான் கடினம்.

தறி நின்றது. ஒற்றை நிறச் சேலை நெய்தால் தனியாக நெய்யலாம், ஆனால் தறியில் பாதியில் நிற்பது கோர்வை. கரை பச்சை, உடல் அரக்கு. பாதிச் சேலையை அறுக்க முடியாது. எல்லார் வீட்டிலும் கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் ஆள் மிச்சமில்லை.

எனவே வரலாற்றில் முதன்முறையாக மாணிக்கவேல் தறி ஏறினார். தேவகி இடத்தில் உட்கார்ந்தேன். நாடாவைத் தள்ளு என்றால் தள்ளினேன். வாங்கு என்றால் வாங்கினேன். பத்து நிமிஷத்தில் பச்சைக்கும் அரக்குக்கும் மனஸ்தாபம். அரை மணி நேரத்தில் இரண்டும் விவாகரத்து வாங்கிக்கொண்டு, நடுவில் ஒரு யானை நுழையும் இடைவெளி. என் இடுப்பு நான்கு துண்டானது. மூன்றைத்தான் தேடி எடுக்க முடிந்தது.

"ணா, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நீ போய் பஸ்ஸுல விசில் ஊதுணா" என்றாள் காந்தா. நான் நெய்த நாலு விரற்கடையைப் பிரிக்க அவளுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. பிரிக்கும்போது ஒரு தடவை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இவ ஒரு இழை தப்ப விட்டு நான் பார்த்ததே இல்லணா. பார்த்ததில்லங்கறதையே இப்பதான் பார்க்கறேன்."

சாயங்காலம் தேவகி வந்தாள். இருவரும் ஒரே பானையில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் பேச்சு இல்லை. தேவகி ஒரு பெட்டிக்கோட் தைத்துக் கொண்டுவந்து கொடியில் போட்டிருந்தாள். காந்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். "கெட்டியாதான் இருக்குது" என்று சுவரிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை காந்தா நல்ல புடவை கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சங்கத்துக்கு வாணா. நீ பேசக் கூடாது. சும்மா கூட வரணும்."

போனேன். சங்கத்துச் செயலாளர் தேவேந்திரனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "எம் புத்தகத்துல தேவகி பேரையும் ஏத்துங்க. கூலியைச் சரிபாதியா ரெண்டு பேர் கணக்குலயும் போடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு தறிக்கு ஒரு பேருதாம்மா. கூட உட்கார்றவங்க பேரையெல்லாம் ஏத்த ஆரம்பிச்சா தெருவே வந்து நிக்கும்."

"நிக்கட்டும்."

"வழக்கம் இல்லமா."

"அப்போ எம்பேரையும் எடுத்துடுங்க. பன்னண்டு நாளா நான் ஒரு முழம் நெய்யல. நெய்யாதவ பேரு உங்களுக்கு எதுக்கு?"

துளசி, எனக்கு வாயில் முப்பது பிரசங்கம் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. செயலாளர் நெடுநேரம் புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு மனு எழுதச் சொன்னார். கமிட்டியில் வைத்து, திங்கட்கிழமை ஏற்றிவிட்டார்களாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் அதற்காகத்தான் பிடித்து வைத்திருந்தேன்; புத்தகத்தின் நகல் உள்ளே இருக்கிறது. இரண்டு பெயர்.

தேவகியிடம் காந்தா இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லச் சொன்னாள்; வேறு துளசி என்ற என் பொய்யை அவள் முதலிலேயே நம்பவில்லையாம்.

மாணிக்கவேல்


சென்னை
22 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நகலைக் குழுவில் வைத்தேன். முதலில் இரண்டு மணி நேரம் வாதம்; காலக்கெடு தாண்டிவிட்டது என்றார்கள். களப்பதிவில் பிழை எங்களுடையது, அதற்குக் காலக்கெடு அவர்களுக்கு இல்லை என்றேன். ஸ்ரீகர் எழுந்து, "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். அதுதான் முடிவை மாற்றியது என்று நினைக்கிறேன்.

மறுபடி அளந்தோம். கூலி பாதியானதால் காந்தா அக்காவுக்கு 54, தேவகி அக்காவுக்கு 47. இருவருக்கும் உதவி தொடரும், இந்த முறை தனித்தனிக் கணக்கில். தேவகி அக்கா இனி கட்டாயமாகப் பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை. விரும்பினால் தொடரலாம்; முழு நாள் வேண்டாம் என்றால் காலை வகுப்பு மட்டும், பத்து முதல் ஒன்று வரை. மையத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.

வேலைக்கு எது வசதி என்று தயவுசெய்து யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம், நீங்களும், நானும். அவரே சொல்லட்டும்.

இத்துடன் புதுப் படிவம். "தொழில்" என்ற கட்டத்தில் இரண்டு தேர்வுகள்தான் எங்கள் பட்டியலில் இருக்கின்றன: நெசவாளர், நெசவு உதவியாளர். அதை அவர் கையால் குறித்து, கையெழுத்துப் போட வேண்டும்.

எழுந்தால் போக இடம் உண்டா என்ற கேள்வியை நாற்பத்து மூன்றாவதாகச் சேர்த்துவிட்டேன். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று குழுவில் இன்னும் சண்டை. அளக்கத் தெரியாவிட்டாலும் கேட்டாவது வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா உங்களைக் கேட்டாள். நான் உங்களுக்கு எழுதியதை அவளிடம் சொல்லிவிட்டேன். "அண்ணன்கிட்ட ஏண்டி அதைச் சொன்னே" என்று திட்டினாள். போன் செய்யுங்கள் மாமா, எனக்கு வேண்டாம், அவளுக்கு.

துளசி


பிள்ளையார்பாளையம்
6 அக்டோபர் 2025

அன்புள்ள துளசிக்கு,

உன் அம்மாவிடம் பேசினேன். இருபது வருஷம் தள்ளி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அழுதாளா சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை.

படிவத்தை ஆயுத பூஜை அன்று கொண்டுபோனேன். தறிக்கு சந்தனம், குங்குமம் வைத்து, பாதிச் சேலை அப்படியே நின்றது. தையல் மையத்துக்கும் அன்று விடுமுறை. தேவகி படிவத்தை வாங்கி, இரண்டு கட்டங்களையும் விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் காந்தாவைப் பார்த்துக் கேட்டாள்: "நான் உனக்கு உதவியாக்கா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் வார்த்தை.

காந்தா பாதிச் சேலையை ஒரு தடவை தடவினாள். "உதவின்னா வேண்டாம்னு சொல்லலாம் இல்ல?" என்றாள். "நீ இல்லாம ஒரு மாசம் நெய்ஞ்சு பார்த்தேனே. ஒரு முழம் வரல."

தேவகி முதல் கட்டத்தில் குறி போட்டாள். பெயர் எழுதினாள், நிறுத்தி நிறுத்தி, கோவில் கோபுரம் கட்டுகிற வேகத்தில். அப்புறம் காந்தா சங்கத்துப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் போட்டாள். தேவகி அதையும் விரல் வைத்துப் படித்தாள்.

நான் நினைத்தேன், கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று. என் வர்ணனைக்கெல்லாம் வார்த்தை தயாராக வைத்திருந்தேன். தேவகி என்ன சொன்னாள் தெரியுமா?

"சரி. பாதிக் கூலி எனக்குன்னா பாதி அரிசியும் என் கணக்கு. கரண்டுல பாதி. நாளையில இருந்து."

"ஏண்டி, இவ்ளோ கறாரா?" என்றாள் காந்தா.

"நீதானே கோடு போட்டே."

"அப்போ எண்ணெய்? நீதான் தலைக்கு அரைப்படி ஊத்திக்கறே!"

"நானா? உன் வத்தக்குழம்பு எண்ணெயில மிதக்குது, அது யாருதாம்?"

அன்று மத்தியானம் முழுவதும் அந்த வீட்டில் நடந்த சண்டையை, கலிங்கத்துப் போர்க்களத்தில் இருந்தவர்கள் கேட்டிருந்தால் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். பன்னிரண்டு வருஷத்துச் சண்டை சேர்ந்துபோயிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். அவ்வளவு நிம்மதியான சத்தத்தை நான் கேட்டதில்லை.

தையலை அவள் விடவில்லை. காலை வகுப்புக்குப் போகிறாள். "முடிச்சிட்டுதான் நிறுத்துவேன்" என்கிறாள். "அதுக்கப்புறம் தைக்கறேனா, நெய்யறேனான்னு அப்ப சொல்றேன்." காந்தா முகம் கொஞ்சம் சுருங்கிற்று. "சொல்லு, காத்துக்கினு இருக்கேன்" என்றாள். உன் நாற்பத்து மூன்றாவது கேள்விக்கு எத்தனை மார்க் என்று எனக்கும் தெரியாது. ஆனால் அது யார் முகத்தைச் சுருக்கும் என்பது தெரிகிறது.

இப்போது மணி இரண்டாகப் போகிறது. காந்தா சாப்பிட்டுவிட்டுத் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்து இடம் காலியாக இருக்கவே, காற்றோட்டத்துக்கு அங்கே உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றையும் தொடக் கூடாது என்று உத்தரவு. இன்னும் சொல்ல ஏராளம் இருக்கிறது, ஸ்ரீகரைப் பற்றி, ஆடுகிற பல்லைப் பற்றி, தேவகி எனக்குத் தைத்துத் தருவதாகச் சொன்ன சட்டைக்கு முன்பணம் கேட்பதைப் பற்றி.

தெருமுனையில் செவிலிமேட்டு பஸ் நிற்கிற சத்தம்.

"எழுந்துருணா," என்கிறாள் காந்தா. "ஆளு வந்துடுச்சு."

எழுந்துவிட்டேன்.

மாமா